சாக்கெட்டில் உட்கார்ந்த சிப்: ஒரு பழைய கம்ப்யூட்டர் கதை

இன்றைய லேப்டாப்பைத் திறந்து பார்த்தால் கையால் கழற்ற அதிகம் ஒன்றும் இருக்காது. எல்லாமே போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கும். 1980களின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அப்படியில்லை. முக்கியமான சிப்புகள் இரண்டு பக்கமும் கால்களோடு, பூரான் மாதிரி, பிளாஸ்டிக் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். இந்த இரட்டை வரிசை வடிவம் 1964ல் அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் உருவானது. காலுக்குக் கால் இடைவெளி 2.54 மி.மீ.

இந்தியப் பள்ளிகளுக்கு இந்தப் பூரான்கள் வந்தது 'கிளாஸ்' திட்டத்தில். 1984-85ல் மத்திய அரசு 250 பள்ளிகளில் தொடங்கிய கணினிக் கல்வித் திட்டம் அது. அதற்குத் தேர்வான மெஷின், இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. வேகம் 2 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 32 கேபி (ஆமாம், கேபிதான்!). மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் இதை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே தயாரித்தது. அந்த ஆலை 1989 பிப்ரவரியில் தீப்பிடித்தது தனிக்கதை.

சாக்கெட் வைத்தால் செலவு கூடும். பிறகு ஏன் வைத்தார்கள்? அந்தக் காலத்தில் சாஃப்ட்வேரையே சிப்பாக விற்றார்கள் என்பதுதான் முக்கியக் காரணம். பிபிசி மைக்ரோவின் கீபோர்டுக்கு அடியில் ஐந்து சாக்கெட்டுகள் உண்டு. ஒன்று இயங்குதளத்துக்கு, ஒன்று பேசிக் மொழிக்கு, மூன்று காலி. 'வேர்ட்வைஸ்' வேண்டுமென்றால் சிப்பை வாங்கி வந்து காலி சாக்கெட்டில் அழுத்த வேண்டியதுதான். ஒரு சிப் கெட்டால் அதை மட்டும் மாற்றும் வசதியும் கிடைத்தது.

ஆனால் சாக்கெட்டுக்கு ஒரு வியாதி உண்டு. மெஷின் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப் மெல்ல மெல்ல மேலே நகர்ந்துவிடும். 1980ல் வந்த ஆப்பிள் 3 இதற்குப் பேர்போனது. மெஷினை இரண்டு மூன்று அங்குலம் தூக்கி 'தொப்' என்று மேசைமேல் போடுங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கே அறிவுரை போனதாகச் சொல்வார்கள்!

வேலூர், ஆம்பூர் பக்கம் இன்னொரு வில்லனும் இருக்கிறான். தோல் பதனிடும்போது முடியை நீக்க சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அது அமிலத்தோடு சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிவரும். இந்தத் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது எல்லோருக்கும் தெரியும். அந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பழைய சிப்புகள் சிலவற்றின் கால்களில் வெள்ளி முலாம் உண்டு. அந்தக் காற்றில் பல வருடம் கிடந்தால் கால் கறுத்து, தொடர்பு விட்டுவிடும். மெஷின் செத்துவிட்டது என்று பழைய இரும்புக்குப் போடுவார்கள். சிப்பை ஒருமுறை கழற்றி மாட்டினாலே அது பிழைத்திருக்கலாம்.

கழற்றுவதில்தான் ஆபத்து. முதலில் பவர் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தரையோடு தொடர்புள்ள இரும்புக் குழாய் எதையாவது தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ள வேண்டும். வறண்ட வெயில் நாளில், பாலியஸ்டர் சட்டையும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்றே சிப்பைக் கொன்றுவிடும். பிறகு சிப்பின் ஒரு முனையில் இருக்கும் அரைவட்ட வெட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று போட்டோ எடுத்து வைக்க வேண்டும். திருப்பி மாட்டிக் கரண்ட் கொடுத்தால் சிப் காலி.

மெல்லிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் நுழைத்தால் போர்டின் செம்புத் தடம் அறுந்துவிடும். இந்த முனையில் ஒரு மில்லிமீட்டர், அந்த முனையில் ஒரு மில்லிமீட்டர் என்று மாறி மாறித் தூக்க வேண்டும். ஒரே பக்கம் நெம்பினால் எதிர்முனைக் கால்கள் மடங்கும். மடங்கியதை நிமிர்த்தும்போது ஒடியும். கறுத்த கால் என்றால் இன்னும் சீக்கிரம் ஒடியும். ஃபெராண்டி நிறுவனம் செய்த வீடியோ சிப் போன்றவை இப்போது தயாரிப்பிலேயே இல்லை. ஒரு கால் ஒடிந்து, அதைச் சரிசெய்ய முடியாமல் போனால், இதைக் காப்பாற்ற இன்னொரு பழைய மெஷினைப் பலி கொடுக்க வேண்டி வரலாம்.

எடுத்த சிப்பைத் தெர்மோகோலில் குத்தி வைப்பது பலரும் செய்யும் தவறு. தெர்மோகோலே நிலைமின்சார உற்பத்தி நிலையம்! மின்சாரம் கடத்தும் கறுப்பு ஃபோம்தான் சரி. கால்களை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் எல்லாக் கால்களும் துளைக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்த வேண்டும்.

திரும்பவும் சுவிட்சைப் போட்டதும் பிபிசி மைக்ரோவிலிருந்து புகை வந்தால் சிப்பைத் திட்டக் கூடாது. பெரும்பாலும் அது பவர் சப்ளை பெட்டிக்குள் இருக்கும் பழைய ரிஃபா கெப்பாசிட்டர் வெடித்த புகையாக இருக்கும். அந்தப் பெட்டியைத் திறக்கும் வேலையை மட்டும் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.