சித்திலெப்பை, முகம்மது காசிம் (1838–1898)

கண்டியில் பிறந்த வழக்கறிஞர், பத்திரிகையாளர், இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் ‘அசன்பே சரித்திரம்’ எழுதியவர், இலங்கை முஸ்லிம்களின் நவீன கல்விக்கு அடித்தளமிட்டவர். இலங்கையின் தேசிய வீரர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். முஸ்லிம் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் இவரை ‘அறிஞர் சித்திலெப்பை’ என்றே குறிப்பிடுவர்.

சித்திலெப்பை 1838 ஜூன் 11 அன்று பிறந்தார். கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போய் அப்போது 23 ஆண்டுகளே ஆகியிருந்தன. குடும்பத்தின் பூர்வீகம் அளுத்கமை. தந்தை எம். எல். சித்திலெப்பை, இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாக ‘புறொக்டர்’ என்னும் வழக்கறிஞர் தகுதி பெற்றவர். தமையனார் மார்க்க அறிஞர். தம்பி அறபு கற்றது அவரிடம்தான். சட்டமும் ஆங்கிலமும் ஒரு பக்கம், அறபும் மார்க்கமும் மறுபக்கம் என்று ஒரே வீட்டில் இரண்டு கல்வியும் கிடைத்தது அக்காலத்தில் அரிது. பிற்காலத்தில் தம் சமூகத்துக்கு அவர் கேட்டதெல்லாம் தமக்கு வாய்த்த இந்த இரட்டைக் கல்வியைத்தான்.

1860களின் தொடக்கத்தில் அவரும் புறொக்டர் ஆனார். கண்டி அப்போது கோப்பிப் பணத்தில் செழித்த நகரம். 1867இல் கொழும்பிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. தோட்டக்காரர், வட்டிக்கடைக்காரர், காணி வியாபாரி என்று கட்சிக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. 1870களில் நகரசபை உறுப்பினராக இருந்தார்; நகர நீதவான் பதவியையும் வகித்தார். இப்படி வசதியாகப் போய்க்கொண்டிருந்த தொழிலை ஒதுக்கிவிட்டுத்தான் பொதுவேலைக்கு வந்தார்.

முஸ்லிம் நேசன்

1882 டிசம்பரில் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். இலங்கை முஸ்லிம்களின் இதழியல் வரலாற்றில் இதற்கு முக்கிய இடமுண்டு. தமிழகத்திலும் மலாயாவிலும்கூட அதற்கு வாசகர் இருந்தனர்.

அது வெளிவந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டு செப்டெம்பரில் எகிப்தின் தெல்-எல்-கெபீரில் ஆங்கிலேயப் படை, எகிப்தியத் தேசிய எழுச்சியின் தலைவர் அஹ்மத் ஒறாபி பாஷாவைத் தோற்கடித்தது. 1883 ஜனவரியில் ஒறாபியும் தோழர் அறுவரும் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கினர். அறபுக் கவிதையை மறுமலர்ச்சிக்குக் கொண்டுவந்த மஹ்மூத் சாமி அல்-பாரூதியும் அவர்களில் ஒருவர். எகிப்தியரை இலங்கை முஸ்லிம்கள் திரண்டு வரவேற்றனர். சித்திலெப்பை ஒறாபியின் நெருங்கிய நண்பரானார். 1892இல் ஒறாபி கண்டிக்கே குடிவந்தார். 1901இல் நாடு திரும்பும்வரை அங்கேயே இருந்தார். ஹல்லொலுவையில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

1888இல் சட்டசபையின் தமிழ் உறுப்பினர் பொன்னம்பலம் இராமநாதன், தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டு அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரை படித்தார். சித்திலெப்பையின் தரப்பு இந்த வாதத்தை ஏற்கவில்லை. முஸ்லிம்களின் குரலைச் சட்டசபையில் முஸ்லிமே எழுப்ப வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. அடுத்த ஆண்டு முதல் முஸ்லிம் உறுப்பினராக எம். சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். இன அடையாளத்தில் இராமநாதனோடு உடன்படாதவரே தம் எழுத்துக்குத் தமிழைத் தேர்ந்தார் என்பதை அவரைப் படிக்கும் எவரும் தவறவிடக் கூடாது.

அசன்பே சரித்திரம்

1885இல் முஸ்லிம் நேசன் அச்சகத்தில் இந்நாவல் அச்சாயிற்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) வெளிவந்து ஆறே ஆண்டுகள். இராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ வர இன்னும் எட்டு ஆண்டுகள். தமிழின் இரண்டாவது நாவல் என்று பலர் இதைச் சொல்வதுண்டு. ஈழத்து வரிசையில் இதற்குப் பிறகுதான் ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891), ‘மோகனாங்கி’ (1895) ஆகியவை வருகின்றன.

எகிப்தின் பிரபு குடும்பத்தில் பிறந்த குழந்தை காயிரோவில் களவாடப்பட்டு, கடல் கடந்து பம்பாய் சேர்கிறது. தான் யார் என்று தெரியாமலே வளரும் அசன், பம்பாயிலிருந்து கல்கத்தா போகிறான். அங்கே ஆங்கிலேயரின் ஆதரவில் கற்று ஆளாகிறான். பல இடையூறுகளைக் கடந்து எகிப்து திரும்பி, பெற்றோரையும் குலத்தையும் அறிகிறான். களவு, துரத்தல், காதல், தற்செயல் சந்திப்பு என்று நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் வீரசாகசக் கதை இது. இன்றைய வாசகருக்குப் பாத்திரங்கள் மெலிந்து தோன்றலாம்.

இலங்கை மண்ணே இல்லாத நாவலை ஈழத்து முதல் நாவல் எனலாமா என்று விமர்சகர் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒறாபி கப்பலிறங்கி இரண்டே ஆண்டில் கண்டியில் அச்சான கதையின் நாயகன் எகிப்தியன் என்பதை ஒதுக்கிவிட்டு இந்நூலைப் படிக்க இயலாது. ஒறாபியைப் பற்றிக் கடைவீதியிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் பேசிக்கொண்டிருந்த வாசகர்களுக்காகவே இது எழுதப்பட்டது. நாயகன் உயர்வது வாளாலன்று, கல்வியால் என்பதே ஆசிரியரின் உள்நோக்கம். ஆங்கிலம் கற்றும் அசன் மார்க்கத்தை விட்டு விலகுவதில்லை. பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய தகப்பனுக்கு இதைவிட இதமாகச் சொல்ல வேறு வழி அப்போது இருந்திருக்காது.

பள்ளிக்கூடங்கள்

ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் மிஷனரிமார் கையில் இருந்தன. பிள்ளை மதம் மாறிவிடுவான் என்ற பயத்தில் முஸ்லிம் பெற்றோர் அப்பக்கமே போகவில்லை. ஓதற்பள்ளியில் பலகையில் அறபெழுத்து எழுதிக் குர்ஆன் ஓதப் பழகியதோடு பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பு முடிந்தது. சித்திலெப்பை சொன்ன மாற்று, முஸ்லிம்களே நடத்தும் பள்ளியில் அறபு, தமிழ், ஆங்கிலம் மூன்றும் கற்பது. எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. ஆங்கிலம் கற்பது மார்க்கத்துக்கு ஆகாது என்று வாதிட்டவர்களோடுதான் அவர் நெடுங்காலம் மல்லுக்கட்டினார்.

1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் அல்-மத்ரசதுல் கைரிய்யாவை நிறுவினார். சில ஆண்டுகளில் ஆதரவு குன்றி அது நின்றுபோயிற்று. அவர் சோரவில்லை. கொழும்பு அருங்காட்சியகக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார் துணைநிற்க, ஒறாபி பாஷா புரவலராக, 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி அல்-மத்ரசதுஸ் ஸாஹிறா திறக்கப்பட்டது. இன்றைய ஸாஹிறாக் கல்லூரி அதுவே. கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். அதைப் பொறுப்பேற்று நடத்தத் தம் சகோதரியையே முன்வைத்தார். ஊரார் பெண்களை அழைக்கும் முன் தம் வீட்டுப் பெண்ணை அனுப்பினார். என் மதிப்பில் அவர் செய்தவற்றிலேயே துணிச்சலானது இதுதான்.

‘ஞானதீபம்’ என்ற இதழும், சூபி மெய்ஞ்ஞானம் பற்றிய ‘அஸ்றாறுல் ஆலம்’ (1897) என்ற நூலும் பிற்காலப் பணிகள். சட்டத்தையும் செய்தியையும் எழுதிய கை தத்துவத்தையும் எளிய உரைநடையில் எழுதியது. 1898 பெப்ரவரி 5 அன்று காலமானார்.

ஒப்பீடு

பிலிப்பைன்சின் தேசிய வீரர் ஹொசே ரிசால் (1861–1896) இவருடைய சமகாலத்தவர். 1882 மே மாதம் ஐரோப்பாவுக்குக் கல்வி கற்கப் போன வழியில் ரிசாலின் கப்பல் கொழும்பிலும் நின்றது. அவ்வாண்டு முடிவில்தான் முஸ்லிம் நேசன் பிறந்தது. ரிசாலின் முதல் நாவல் ‘நோலி மே தாங்கெரே’ 1887இல் பெர்லினில் அச்சானது. இருவரும் நாவலைச் சமூகத்தை விழிக்கச் செய்யும் கருவியாகக் கொண்டனர். பெண்கல்வியிலும் இருவரும் ஒத்தனர்: மலோலோஸ் நகரப் பெண்கள் பள்ளி கேட்டுப் போராடியபோது 1889இல் அவர்களைப் பாராட்டி ரிசால் கடிதம் எழுதினார்.

வேறுபாடும் பெரிது. ரிசால் ஆள்வோரின் மொழியான ஸ்பானியத்தில் எழுதினார்; ஆட்சியையும் குருமாரையும் நேரே சாடினார்; 35 வயதில் மணிலாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். சித்திலெப்பை ஆங்கிலேய ஆட்சியை எதிர்க்கவில்லை, அதன் நீதிமன்றத்தில் பணியாற்றியவர். அவர் தேர்ந்தது தம் மக்களின் தமிழ். பகைத்துக்கொண்டதும் தம்மவரின் அறியாமையைத்தான்.

நினைவு

1977இல் இலங்கை அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. கண்டியில் சித்திலெப்பை பெயரில் பாடசாலை இயங்குகிறது. இஸ்லாமியத் தமிழிலக்கிய ஆய்வாளர் ம. மு. உவைஸ் போன்றோரின் உழைப்பால் ‘அசன்பே சரித்திரம்’ புதிய தலைமுறைக்கு அறிமுகமாயிற்று. ஆயினும் தமிழ் நாவல் வரலாறு பேசும் நூல்கள் பலவற்றில் இதற்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை. தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் படிக்கும் மாணவர்கள் வேதநாயகம் பிள்ளையை அடுத்து இராஜமையருக்குத் தாவாமல், இடையில் கண்டியில் அச்சான இந்த நூலையும் எடுத்துப் படிக்க வேண்டும்.