காஞ்சிப் பட்டும் சாம்பார் பருப்பும் ஒண்ணுதான்... வாஷிங் பவுடரின் கண்ணுக்கு!

கல்யாண வீட்டுப் பந்தி. சாம்பார் வாளி லேசாகச் சாய, அம்மாவிடம் கெஞ்சி வாங்கிக் கட்டிக்கொண்டு போன காஞ்சிப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? இருப்பதிலேயே பவர்ஃபுல்லான வாஷிங் பவுடரைக் கரைத்து, ராத்திரி முழுக்க ஊற வைக்கலாம் என்றுதானே? ப்ளீஸ், வேண்டாம். அந்த பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். என்சைம் கலந்த பவுடர்கள் பலவற்றில், கம்பளிக்கும் பட்டுக்கும் பயன்படுத்தாதீர்கள் என்று போட்டிருப்பார்கள். சும்மா பயமுறுத்த அல்ல. அதற்குப் பின்னால் அழகான பயோகெமிஸ்ட்ரி இருக்கிறது.

பருத்தி, செடியிலிருந்து வருகிற செல்லுலோஸ். பட்டு அப்படியில்லை, அது புரதம். உங்கள் தலைமுடி, நகம் மாதிரி. பட்டு நூலைக் கொளுத்தினால் முடி பொசுங்கும் வாடை வருவது அதனால்தான். (பாலியஸ்டர் என்றால் பிளாஸ்டிக் போல உருகும். கடையில் ஏமாந்தோமா என்று தெரிந்துகொள்ள, முந்தானைக் குஞ்சத்தில் ஒரே ஒரு இழை போதும். புடவையையே கொளுத்திடாதீங்க!)

இந்தப் புரதத்தைத் தயாரிக்கும் ஃபேக்டரி, பட்டுப்புழுவின் உடம்புக்குள் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த புழு, ஏறக்குறைய 25 நாள் மல்பெரி இலையை மட்டும் தின்று, தன் எடையைச் சுமார் 10,000 மடங்கு கூட்டிக்கொள்கிறது. அதன் பட்டுச் சுரப்பியில் உள்ள செல்கள் ஓர் ஆச்சரியம். சாதாரண செல், டி.என்.ஏ.வை நகலெடுத்ததும் இரண்டாகப் பிரியும். இவை பிரிவதே இல்லை. நகல் மேல் நகலாக எடுத்து, ஒரே செல்லுக்குள் லட்சக்கணக்கான பிரதிகளைக் குவித்து வைக்கின்றன. பட்டுக்கான ரெசிப்பி அத்தனை பிரதி இருந்தால்தானே, சில நாட்களில் அவ்வளவு பட்டைச் சமைத்துக் கொட்ட முடியும்?

சமைத்தது வெளியே வர வேண்டுமே! செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வு, கொழுப்பால் ஆன இரட்டை அடுக்கு. ஃபைப்ராயின் என்ற இவ்வளவு பெரிய புரதம் அதைத் துளைத்துக்கொண்டு போக முடியாது. அதனால் செல், புரதத்தைக் குட்டிக் குட்டிப் பைகளில் அடைக்கிறது. அந்தப் பைகளும் அதே சவ்வுச் சரக்கால் ஆனவை. செல்லின் ஓரத்துக்கு நகர்ந்து, வெளிச் சவ்வோடு ஒட்டிக் கலந்து, உள்ளே இருப்பதைச் சுரப்பியின் குழாயில் கொட்டிவிடுகின்றன. நம் கணையம் இன்சுலினை வெளியே அனுப்புவதும் இதே டெக்னிக்கில்தான். குழாயில் கூழாக இருக்கும் புரதம், புழு தலையை ஆட்டி ஆட்டி இழுக்கும்போது இறுகி நூலாகிறது. ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீள ஒற்றை இழை!

அந்த இழையில் இரண்டு சரக்கு உண்டு. உள்ளே ஃபைப்ராயின், அதுதான் நிஜமான பட்டு. கிளைசின், அலனின் என்ற சின்னச் சின்ன அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப வருவதால், புரதச் சங்கிலிகள் காகிதக் கட்டு போல நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. வலிமை அங்கிருந்து வருகிறது. வெளியே செரிசின் என்ற பசை. கச்சாப் பட்டின் எடையில் கால் பங்கு வரை இந்தப் பசைதான்.

காஞ்சிபுரத்தில் என்ன நடக்கிறது?

2005-06ல் புவிசார் குறியீடு வாங்கிய காஞ்சிப் பட்டுக்கு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகைக்கு சூரத். முறுக்கிய நூலைச் சாயம் போடுவதற்கு முன், சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைத்துப் பசையை எடுக்கிறார்கள். ஒரு கிலோ நூல் முக்கால் கிலோ சொச்சமாகக் குறைந்துவிடும். ஆனால் அப்போதுதான் சாயம் பிடிக்கும், பளபளப்பும் வரும். நேரம் கூடினாலோ, சோடா கூடினாலோ ஃபைப்ராயினும் அடிவாங்கும். அந்தக் கைப்பக்குவம் சாயப் பட்டறையில் பல வருஷம் நின்றால்தான் வரும். பிறகு பாவு நூலுக்கு அரிசிக் கஞ்சி போட்டுக் காயவைப்பார்கள். அப்புறம்தான் தறி, கோர்வை, பெட்னி எல்லாம்.

பசையைக் கரைப்பதில் பட்டுப்பூச்சி இவர்களுக்கெல்லாம் சீனியர். கூட்டுக்குள் அந்துப்பூச்சியாக மாறியதும் வெளியே வர வேண்டும். கடிக்கப் பல் கிடையாது. என்ன செய்யும்? வாயிலிருந்து ஒரு என்சைம் விடும். செரிசின் பசை கரைய, இழைகள் விலக, முட்டித் தள்ளிக்கொண்டு வந்துவிடும். 1964ல் ஃபோட்டிஸ் கஃபாடோஸும் கேரல் வில்லியம்ஸும் காட்டுப் பட்டுப்பூச்சியிடம் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். 'கக்கூனேஸ்' என்று பெயர். பூச்சி வெளியே வந்தால் அந்த நீள இழை பயன்படாது என்பதால்தான், அதற்கு முன்பே கூட்டைச் சூடாக்கிவிடுகிறார்கள்.

என்சைம் என்பதே ஒரு புரதம்தான். ஒரு வேதிவினையை வேகப்படுத்தும், ஆனால் தான் தீர்ந்துபோகாது. ஒன்றை வெட்டி முடித்ததும் அடுத்ததுக்குப் போகும். அதோடு, அதற்கென்று ஒரு 'டேஸ்ட்' உண்டு. அமைலேஸ், கஞ்சி மாதிரி மாவுச்சத்தை மட்டும் வெட்டும். லிப்பேஸ், எண்ணெயை. புரோட்டியேஸ், புரதத்தை. அன்னாசிப் பழம் நிறைய தின்றால் நாக்கு எரிகிறதே? அதிலுள்ள புரோட்டியேஸ் உங்கள் நாக்கையும் கொஞ்சம் ருசி பார்ப்பதும் அதற்கொரு காரணம்.

வாஷிங் பவுடருக்கு வருவோம். ஜெர்மனியின் ஓட்டோ ரோம் 1913லேயே கணைய என்சைமைத் துணி துவைக்கக் கொண்டுவந்துவிட்டார். இன்று போடுவது பெரும்பாலும் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் சப்டிலிசின் என்ற புரோட்டியேஸ். ரத்தம், முட்டை, பால், பருப்பு என்று எந்தப் புரதத்தையும் வெட்டும். சாம்பாரில் இருக்கும் துவரம்பருப்பும் புரதம், கீழே இருக்கும் புடவையும் புரதம். அதற்கு வித்தியாசம் தெரியாது!

ஒரு தடவை பட்டதும் புடவை கிழிந்துவிடாது. நெருக்கமாக அடுக்கிய பகுதிகளுக்குள் என்சைம் எளிதில் நுழைய முடியாது. நடுநடுவே தளர்வாக இருக்கும் இடங்களைத்தான் முதலில் வெட்டும். நாலைந்து முறை ஆனதும் பளபளப்பு மங்கும், மடிப்பு விழும் இடத்தில் இழை விடும். ஊற வைப்பதுதான் ரொம்ப மோசம், ஏனென்றால் என்சைமுக்கு நீங்கள் தருவது நேரம். பவுடரின் காரத்தன்மை வேறு தனியாகப் பட்டைப் பலவீனமாக்கும்.

"கொதிக்கிற தண்ணி ஊத்தினா என்சைம் செத்துடுமே?" என்று கேட்கலாம். சரிதான். முட்டை வெந்தால் இறுகுவது போல, சூட்டில் அதன் வடிவம் கலைந்து செயலிழக்கும். ஆனால் அந்தச் சூட்டில் பார்டர் சாயம் உடம்புக்கு இறங்கிவிட்டால் யாரைக் கேட்பது?

சரி, கறைக்கு என்னதான் வழி?

பந்தியிலேயே, தேய்க்காமல், சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் இருந்தால் முகப்பவுடரைத் தூவி ஊற விட்டுத் தட்டிவிடலாம். அவசரப்பட்டுச் சோப்பு போட்டால், காரம் பட்ட மஞ்சள் செக்கச்செவேல் என்று சிவக்கும். பார்த்ததும் பாதி உயிர் போய்விடும். ஜரிகை நிறைந்த புடவை என்றால் நேராக டிரை கிளீனிங் கொடுப்பதே நல்லது. அங்கே தண்ணீருக்குப் பதில் கரைப்பான் திரவம்தான். என்ன கறை, எப்போது பட்டது என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் அலசியே ஆக வேண்டுமென்றால், பாட்டி காலத்துப் பூந்திக்கொட்டை இருக்கிறது. அதன் நுரைக்குக் காரணம் சாப்போனின். புரதத்தை வெட்டுகிற வேலை அதற்குக் கிடையாது. பச்சைத் தண்ணீரில், சாயம் போகிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டு, அலசி, முறுக்காமல் நிழலில் போடுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரும் பட்டுப் புரதத்தைச் சிதைத்துப் பழுப்பாக்கும். காய்ந்த பிறகு பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய காட்டன் வேட்டியில் சுற்றி வையுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மட்டும் மாற்றி வைத்தால் போதும்.