அன்னை தெரசாவின் இருட்டும் ஜெபமும்

கல்கத்தாத் தமிழர்களுக்கு அன்னை தெரசாவைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். லோயர் சர்குலர் ரோட்டில் (இன்றைய ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் ரோடு) 54ஏ எண் கட்டடத்தைத் தாண்டிப் போகாதவர் நம்மில் யார்? பாத்திர வியாபாரம் செய்யும் என் கடைக்கு, நீலக்கரை வெள்ளைச் சேலைச் சகோதரிகள் இருவர் இருவராக வந்து பெரிய அலுமினியக் குண்டான்களை வாங்கிப் போவார்கள். 1997 செப்டம்பர் 13 அன்று, காந்தியடிகளையும் நேருவையும் சுமந்த அதே பீரங்கி வண்டியில் அன்னையின் உடல் சென்றதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவன் நான்.

நானோ தமிழ்ச் சமணன், நயினார் குடும்பத்தவன். கிறிஸ்தவ ஜெபத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2007-இல் அன்னையின் அந்தரங்கக் கடிதங்கள் நூலாக வெளிவந்தன. அவர் தோற்றுவித்த சபையின் குருவும், புனிதர் பட்ட முயற்சியின் பொறுப்பாளருமான பிரையன் கொலோடைச்சுக் தொகுத்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அன்னை தம் உள்ளத்தில் கடவுளை உணரவே இல்லை என்ற செய்தி அதில் இருந்தது. உலகப் பத்திரிகைகள் அமர்க்களப்படுத்தின. “நம்பாமலேயே நம்பியதாக நடித்தார்” என்றார்கள் ஒரு சாரார். “இதுவே புனிதத்தின் அடையாளம்” என்றார்கள் மறு சாரார். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். கடிதங்களை நிதானமாகப் படித்தால் விஷயம் வேறு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1910-இல் ஸ்கோப்யே நகரில் ஓர் அல்பேனியக் குடும்பத்தில் பிறந்தவர். 1929-இல் லொரேட்டோ கன்னியராக இங்கே வந்தார். எண்டாலிப் பள்ளியில் ஆசிரியை. 1946 ஆகஸ்டில் கல்கத்தா ரத்தக்களரி ஆயிற்றல்லவா? அது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில், ஏழைகளிடம் போ என்ற அழைப்பைக் கேட்டதாக உணர்ந்தார். தொடர்ந்து பல மாதங்கள் ஏசுவின் குரலைத் தெளிவாகக் கேட்டார். பேராயர் பெர்டினாண்ட் பெரியே அவசரப்படவில்லை, ஆராய்ந்தே அனுமதித்தார். 1948-இல் வெளியே வந்தார் அன்னை. 1950 அக்டோபர் 7-இல் சபை அங்கீகாரம் பெற்றது.

வேலை தொடங்கியதும் குரல் நின்றுவிட்டது! என் தொழில் பாஷையில் சொன்னால், கடை வைக்கச் சொன்ன முதலாளி, கடை திறந்த நாள் முதல் முகமே காட்டவில்லை. 1953 மார்ச்சில் பேராயருக்கு எழுதிய கடிதத்தில், வேலையைத் தொடங்கிய காலம் முதலே உள்ளே இருள்தான் என்று குறிப்பிட்டு, தமக்காக வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். முந்தின ஆண்டுதான் காளிகட்டத்தில் சாகக் கிடப்பவர்களுக்கான நிர்மல் ஹிருதய் தொடங்கியிருந்தது. வெளியே வெளிச்சம், உள்ளே கும்மிருட்டு. தம் சிரிப்பு ஒரு போர்வை என்று அவரே எழுதினார். 1958-இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் மறைந்தபோது நடந்த இரங்கல் திருப்பலியை ஒட்டிச் சில வாரம் இருள் விலகியது. அப்புறம் பழையபடிதான்.

இப்போது முக்கியமான கடிதத்துக்கு வருகிறேன். 1959 செப்டம்பரில், ஆன்ம வழிகாட்டியான லாரன்ஸ் பிக்காச்சி என்ற ஏசுசபைக் குருவுக்கு எழுதியபோது கூடவே இன்னொரு கடிதத்தையும் வைத்தார். அதன் முகவரிதாரர் யார் தெரியுமா? ஏசுவேதான்! ஆன்மா என்று ஒன்று இல்லாவிட்டால், கடவுளே இல்லாவிட்டால் இத்தனை பாடும் எதற்கு என்ற பொருளில் போகிறது அது. கவனியுங்கள்: ‘நீ இருக்கிறாயா’ என்ற சந்தேகத்தை அந்த ‘நீ’யிடமே கொண்டுபோய் வைக்கிறார். சந்தேகம் வந்ததும் ஜெபம் நின்றுவிடவில்லை. சந்தேகமே ஜெபத்தின் வாசகமாயிற்று. தினசரித் தியானத்தையும் திருப்பலியையும் அவர் விட்டதில்லை. இதை நடிப்பு என்று எப்படிச் சொல்வது? நடிப்பவர் இதை மறைப்பாரே தவிர, எழுதி ஏசுவின் முன் வைக்கமாட்டார்.

இது அவர் கண்டுபிடித்த வழியும் அல்ல. விவிலியத்தின் 150 திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடு, புலம்பல். 88-ஆம் பாடல் ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது. அதைக் கத்தோலிக்கத் திருச்சபை வெள்ளிக்கிழமை இரவு ஜெபத்தில் வைத்திருக்கிறது. சிலுவையில் ஏசு சொன்னதும் கைவிடப்பட்டவனின் குரலாகிய 22-ஆம் பாடலின் தொடக்கந்தான். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் சிலுவை யோவான் இந்த இருளை ஆன்மாவின் இரவு என்று விளக்கினார். அன்னை யாருடைய பெயரைத் தரித்தாரோ, அந்த லிசியே தெரசாவும் 1896 ஈஸ்டர் தொட்டு 1897-இல் 24 வயதில் இறக்கும்வரை மோட்சம் உண்டா என்ற சந்தேகத்தோடு போராடியவர்.

அன்னைக்குக் கை கொடுத்தவர் யோசேப் நொய்னர், ஆஸ்திரிய ஏசுசபைக் குரு. புனேயில் டி நொபிலி கல்லூரிப் பேராசிரியர். (அந்த டி நொபிலி வேறு யாருமல்ல, 1606-இல் மதுரை வந்த நம் தத்துவ போதகர்தான்.) 1961-இல் அன்னை எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு நொய்னர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. இதற்கு மனிதரிடம் மருந்து கிடையாது, கடவுளை உணர்வது மட்டுமே அவர் இருப்பதற்கு அடையாளம் ஆகாது, இந்த ஏக்கமே அவர் மறைந்திருக்கும் இடம் என்ற கருத்தில் பேசினார். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இருளை நேசிக்கத் தொடங்கியதாக அன்னை அவருக்கு எழுதினார். இருள் போகவில்லை, அதோடு இருக்கப் பழகினார்.

இந்தக் கடிதங்களை அழித்துவிடும்படி அவர் கேட்டும் பெற்றவர்கள் அழிக்கவில்லை. அது சரியா? என்னால் முழுமனதாகச் சரி என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அழித்திருந்தால் நான் படித்திருக்கமாட்டேன்.

என் காரணம் இதுதான். எங்கள் நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள், முதலாவது ஐயமின்மை. சின்ன வயதில் ‘அருங்கலச்செப்பு’ பாடமாகச் சொன்ன நாளிலிருந்து ஐயம் என்பது எனக்குக் குற்றம்தான். துணைவியார் காலமான வருஷம் பஞ்ச நமஸ்காரம் சொல்லும்போது நாக்கு மட்டுந்தான் சொல்லியது. சண்டை போடலாம் என்றால் யாரிடம் போடுவது? தீர்த்தங்கரர் விருப்பு வெறுப்பு அற்றவர். கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. அவரிடம் புகார் எடுபடாது. அப்போதுதான் ஒரு நண்பர் கொடுத்து அந்த நூலைப் படித்தேன். ஏசுவுக்கு எழுதிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உண்மையைச் சொன்னால், திட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கிறாரே என்று பொறாமையாக இருந்தது.

இப்போதும் கடை திறக்குமுன் பஞ்ச நமஸ்காரம் சொல்கிறேன். சில நாள் நாக்கு மட்டும், சில நாள் மனசும் கூட வருகிறது.