பனிப்பாறை எச்சரிக்கை

பனிப்பாறை எச்சரிக்கை என்பது கடலில் மிதந்து செல்லும் பனிப்பாறைகளின் இருப்பிடத்தையும், அவை பரவியுள்ள எல்லையையும் கப்பல்களுக்கு அறிவிக்கும் தகவல் ஆகும். வட அத்திலாந்திக் பெருங்கடலில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்கு அருகிலுள்ள கிராண்ட் பேங்க்ஸ் பகுதிக்கு இவ்வெச்சரிக்கைகளை வழங்கும் அமைப்பு அனைத்துலகப் பனிக் கண்காணிப்பு அமைப்பு ஆகும். ஐக்கிய அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதனை இயக்குகிறது. எச்சரிக்கை வெளியிடப்படுவதோடு பாதுகாப்பு உறுதியாகிவிடுவதில்லை. அது கப்பலை அடைந்து, கப்பலைச் செலுத்தும் அலுவலரின் கைக்குச் சென்று, அவரது முடிவை மாற்றும்போதே பயன் தருகிறது.

## பனிப்பாறைகள் வரும் வழி

இப்பகுதிக்கு வரும் பனிப்பாறைகளுள் பெரும்பாலானவை மேற்குக் கிரீன்லாந்தின் பனியாறுகளிலிருந்து உடைந்து விழுபவை. அவை பாஃபின் விரிகுடாவைச் சுற்றி வந்து, குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டத்தால் தெற்கு நோக்கி இழுத்து வரப்படுகின்றன. இப்பயணம் ஓராண்டுக்கும் மேலாக நீடிக்கலாம். கிராண்ட் பேங்க்ஸ் அருகே இந்நீரோட்டம் வெப்பமான வளைகுடா நீரோட்டத்தைச் சந்திப்பதால் அடர்ந்த மூடுபனி உண்டாகிறது. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையிலான குறுகிய கப்பல் வழியும் இப்பகுதியை ஒட்டியே செல்கிறது. பனிப்பாறை, மூடுபனி, கப்பல் போக்குவரத்து ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுவதே இப்பகுதியின் ஆபத்துக்குக் காரணம்.

வட அட்சரேகை 48 பாகையைக் கடந்து தெற்கே வரும் பனிப்பாறைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் வேறுபடும். 1984 ஆம் ஆண்டில் 2,202 பனிப்பாறைகள் கணக்கிடப்பட்டன. 1966, 2006 ஆகிய ஆண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை. எனவே முந்தைய ஆண்டின் அனுபவத்தை நம்பிக் கப்பலைச் செலுத்த இயலாது.

## வரலாறு

1912 ஏப்ரல் 14 அன்று டைட்டானிக் கப்பலுக்குப் பல கப்பல்களிலிருந்து பனி பற்றிய கம்பியில்லாத் தந்திச் செய்திகள் கிடைத்தன. காலையில் கரோனியா கப்பல் அனுப்பிய செய்தி கப்பல் தலைவரிடம் சேர்க்கப்பட்டது. இரவில் மெசாபா கப்பல் அனுப்பிய செய்தி, டைட்டானிக் சென்றுகொண்டிருந்த கடற்பகுதியையே பனி நிறைந்த இடமாகக் குறிப்பிட்டது. ஆனால் அச்செய்தி பிரிட்ஜ் எனப்படும் செலுத்தறையைச் சென்றடையவில்லை என்று கருதப்படுகிறது. பனியால் சூழப்பட்டு நின்றுவிட்ட கலிஃபோர்னியன் கப்பல் கடைசியாகச் செய்தி அனுப்ப முயன்றபோது, டைட்டானிக்கின் தந்தி இயக்குநர் பயணிகளின் தந்திகளைக் கேப் ரேஸ் நிலையத்துக்கு அனுப்புவதில் ஈடுபட்டிருந்ததால் அதனை இடைமறித்து நிறுத்தினார். தந்தி இயக்குநர்கள் மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர்கள் ஆவர். வானிலை தெளிவாக இருந்தால் வேகத்தைக் குறைக்காமல் செல்வது அக்காலக் கப்பல் தலைவர்களின் வழக்கமாகவும் இருந்தது. மணிக்கு ஏறத்தாழ 22 கடல் மைல் வேகத்தில் சென்ற டைட்டானிக், இரவு 11.40 மணிக்குப் பனிப்பாறையில் மோதியது. ஏறத்தாழ 1,500 பேர் உயிரிழந்தனர். எச்சரிக்கை இல்லாமையால் நேர்ந்த விபத்து அன்று இது.

1912 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கடற்படையின் செஸ்டர், பர்மிங்காம் ஆகிய கப்பல்கள் இப்பகுதியில் சுற்றுக்காவல் செய்தன. 1914 சனவரியில் இலண்டனில் கையெழுத்தான கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உடன்படிக்கை, அதாவது முதலாவது சோலாஸ் உடன்படிக்கை, நிரந்தரக் கண்காணிப்புக்கு வழிவகுத்தது. செல்லும் வழியில் பனி இருப்பதாகச் செய்தி கிடைத்தால், இரவில் மிதமான வேகத்தில் செல்ல வேண்டும் அல்லது ஆபத்துப் பகுதியிலிருந்து நன்கு விலகிச் செல்லுமாறு திசையை மாற்ற வேண்டும் என்ற விதியும் அதில் இடம்பெற்றது. இரு உலகப் போர்களின்போது கண்காணிப்பு இடைநிறுத்தப்பட்டது.

## தகவல் திரட்டப்படும் முறை

தொடக்கத்தில் கப்பல்களும், 1946 முதல் வானூர்திகளும் கண்காணிப்பில் ஈடுபட்டன. அண்மைக் காலத்தில் இரவிலும் மேகத்தினூடும் காணக்கூடிய ராடார் செயற்கைக்கோள்களின் பங்கு உயர்ந்துள்ளது. அவ்வழியே செல்லும் கப்பல்கள் அனுப்பும் அறிக்கைகளும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றன.

ஒரு பனிப்பாறை கண்டறியப்பட்ட பின்னர், அது நகர்ந்துகொண்டே இருக்கும், உருகிக்கொண்டும் இருக்கும். ஆகவே நீரோட்டம், காற்று, அலை, கடல்நீரின் வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு அதன் அடுத்த இருப்பிடமும் அளவும் கணினி மாதிரிகள் மூலம் கணிக்கப்படுகின்றன. இக்கணிப்புகளிலிருந்து அன்றாடம் ஒரு வரைபடமும் ஓர் அறிக்கையும் தயாராகின்றன. பனிப்பாறைகள் இருக்கக்கூடிய கடலை வெளிப்புறமாகச் சூழும் எல்லைக்கோடும், ஒவ்வொரு பாகைச் சதுரத்திலும் உள்ள பனிப்பாறைகளின் எண்ணிக்கையும் வரைபடத்தில் காட்டப்படும்.

## கப்பலில் பெறப்படும் வழிகள்

* நேவ்டெக்ஸ்: 518 கிலோஹெர்ட்சு அலைவெண்ணில் ஒலிபரப்பாகும் செய்திகளை எழுத்து வடிவில் தானாகவே பெறும் கருவி. கரையிலிருந்து சில நூறு கடல் மைல்கள் வரை பயன்படும். பனி அறிக்கைகள் இதில் 'சி' வகைச் செய்திகள் ஆகும். கடற்பயண எச்சரிக்கை, வானிலை எச்சரிக்கை, தேடல்-மீட்புச் செய்தி ஆகியவற்றைக் கருவியில் நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் பனி அறிக்கையை நிறுத்தி வைக்க முடியும். எனவே பனிப் பகுதிக்குள் நுழையுமுன் அவ்வகை இயக்கத்தில் உள்ளதா எனச் சரிபார்த்தல் இன்றியமையாதது.
* சேஃப்டிநெட்: நேவ்டெக்ஸ் எட்டாத நடுக்கடலில் இன்மார்சாட் செயற்கைக்கோள்கள் வழியாக, குறிப்பிட்ட கடற்பகுதியிலுள்ள கப்பல்களுக்கு மட்டும் செய்தி அனுப்பும் சேவை. துருவப் பகுதிகளையும் எட்டும் இரிடியம் செயற்கைக்கோள்களும் பின்னர் அங்கீகரிக்கப்பட்டன.
* வானொலித் தொலைநகல்: வரைபடத்தைப் படமாகவே பெறும் முறை.
* இணையம்: வரைபடங்களையும் அறிக்கைகளையும் தரவிறக்கிக்கொள்ளலாம்.

## மாலுமிகள் பயன்படுத்தும் முறை

அறிக்கை கிடைத்ததும் முதலில் அதன் தேதியும் நேரமும் பார்க்கப்படும். பின்னர் எல்லைக்கோட்டின் புள்ளிகள் கடல் வரைபடத்தில் குறிக்கப்பட்டு, கப்பலின் பாதையுடன் ஒப்பிடப்படும். எல்லைக்கு வெளியே தெற்காகச் சுற்றிச் சென்றால் பயணத் தூரமும் எரிபொருள் செலவும் கூடும். உள்ளே சென்றால் வேகத்தைக் குறைத்து, கூடுதல் பார்வையாளர்களை நிறுத்த வேண்டியிருக்கும். எல்லைக்கோடு நாள்தோறும் மாறுவதால், புறப்படும்போது எடுத்த முடிவு வழியில் மீண்டும் பரிசீலிக்கப்படுகிறது.

2002 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சோலாஸ் ஐந்தாம் அத்தியாயத்தின்படி, பனிக் காலத்தில் இப்பகுதியைக் கடக்கும் கப்பல்கள் கண்காணிப்பு அமைப்பின் சேவையைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். இவ்விதிகளில் பனிக் காலம் என்பது பிப்ரவரி 15 முதல் சூலை 1 வரையிலான காலமாகும்.

தகவலைப் பெறும் கப்பலே தகவலைத் தரும் கப்பலாகவும் விளங்குகிறது. ஆபத்தான பனியைக் காணும் கப்பல் தலைவர், அருகிலுள்ள கப்பல்களுக்கும் கரையிலுள்ள உரிய அதிகாரிகளுக்கும் அதனை அறிவிக்கக் கடமைப்பட்டவர். பனியின் வகை, அது கடைசியாகக் காணப்பட்ட இடம், கண்ட தேதி, நேரம் ஆகியவை அச்செய்தியில் இருக்க வேண்டும்.

## வரம்புகள்

எல்லைக்கோடு ஒரு கணிப்பே ஆகும். நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டருக்கும் குறைவாகத் தெரியும் 'குரௌலர்' எனப்படும் பனித்துண்டுகள் செயற்கைக்கோளுக்கும் எளிதில் புலப்படுவதில்லை. பனிக்கட்டி ராடார் அலைகளை எஃகைப் போல நன்கு திருப்பி அனுப்பாது. கொந்தளிப்பான கடலில் இத்துண்டுகளின் எதிரொளிப்பு அலைகளின் எதிரொளிப்பில் மறைந்துவிடும். உடைந்த துண்டுகள் பெரும்பாலும் பனிப்பாறையின் காற்று மறைவுப் பக்கத்தில் பரவிக் கிடப்பதால், காற்று வீசும் பக்கமாகக் கடந்து செல்லுமாறு மாலுமிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

கண்காணிப்புப் பகுதிக்கு வெளியேயும் ஆபத்து உண்டு. 1959 சனவரி 30 அன்று, தன் முதல் பயணத்தை முடித்துக் கிரீன்லாந்திலிருந்து திரும்பிய டென்மார்க்கின் ஹான்ஸ் ஹெட்டாஃப்ட் கப்பல், ஃபேர்வெல் முனைக்கு அருகே பனிப்பாறையில் மோதி மூழ்கியது. அதிலிருந்த 95 பேரும் உயிரிழந்தனர். எச்சரிக்கை எவ்வளவு முன்னேறினாலும், செலுத்தறையில் விழிப்புடன் நிற்கும் பார்வையாளரின் தேவை நீங்குவதில்லை.

## இவற்றையும் பார்க்க

* டைட்டானிக்
* லாப்ரடார் நீரோட்டம்
* ராடார்