பிரீமியர் பாட்மிண்டன் லீக்

பிரீமியர் பாட்மிண்டன் லீக், இந்திய பாட்மிண்டன் சங்கத்தின் சார்பில் நகர அணிகளுக்கு இடையே நடந்த தொழில்முறைத் தொடர். 2013இல் இந்தியன் பாட்மிண்டன் லீக் என்ற பெயரில் தொடங்கியது. இடையில் இரண்டு ஆண்டுகள் நின்று, 2016 ஜனவரியில் புதுப்பெயருடன் திரும்பியது. 2020 பிப்ரவரி வரை மொத்தம் ஆறு முறை நடந்திருக்கிறது.

பிரகாஷ் படுகோன் 1980இலும் புல்லேலா கோபிசந்த் 2001இலும் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றபோதுகூட, பாட்மிண்டன் ஆடிப் பிழைக்கலாம் என்ற எண்ணம் இந்தியாவில் வேரூன்றவில்லை. ரயில்வேயிலோ பெட்ரோலிய நிறுவனங்களிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைதான் பெரும்பாலோருக்குப் பிடிமானமாக இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சாய்னா நேவால் வெண்கலம் வென்றதும் நிலைமை மாறத் தொடங்கியது. கிரிக்கெட்டில் ஐ.பி.எல். வகுத்திருந்த ஏல முறையும் நகர அணி முறையும் அப்படியே பாட்மிண்டனுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

முதல் தொடர் 2013 ஆகஸ்ட் 14 முதல் 31 வரை நடந்தது. ஹைதராபாத் ஹாட்ஷாட்ஸ், அவத் வாரியர்ஸ், மும்பை மாஸ்டர்ஸ், புனே பிஸ்டன்ஸ், டெல்லி ஸ்மாஷர்ஸ், பெங்களூரின் பங்கா பீட்ஸ் என ஆறு அணிகள். மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர். மலேசியாவின் லீ சோங் வெய்யை மும்பை 1,35,000 டாலருக்கு எடுத்தது. ஏலத்தில் அதுவே உச்சம். சாய்னாவுக்கு ஹைதராபாத் 1,20,000 டாலர் கொடுத்தது. ஆகஸ்ட் 15 அன்று சாய்னாவும் பி.வி. சிந்துவும் நேருக்கு நேர் மோதினார்கள். இருவரும் ஹைதராபாத்தில் கோபிசந்திடம் பயின்றவர்கள். சில நாட்களுக்கு முன்புதான் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்று வந்திருந்த 18 வயது சிந்துவை சாய்னா நேர் செட்களில் வென்றார். மும்பையில் நடந்த இறுதியிலும் அவரே வென்றார். சிந்துவின் அவத் அணியை 3-1 என வீழ்த்தி ஹைதராபாத் முதல் கோப்பையை எடுத்தது.

அந்த முதல் தொடரிலேயே இந்த லீக்கின் பெரிய குறையும் பிறந்தது. ஏலத்துக்குச் சற்று முன்பு மகளிர் இரட்டையர் பிரிவு நீக்கப்பட்டது. ஆடவர் ஒற்றையர் இரண்டு, மகளிர் ஒற்றையர், ஆடவர் இரட்டையர், கலப்பு இரட்டையர் ஒவ்வொன்று என ஐந்து ஆட்டங்கள்தாம் மிஞ்சின. ஜ்வாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் 2011 உலக சாம்பியன்ஷிப்பில் மகளிர் இரட்டையர் வெண்கலம் வென்ற ஜோடி. அந்தப் பிரிவே இல்லாமல் போனதால் இருவரின் அடிப்படை விலையும் 50,000 டாலரிலிருந்து பாதியாகக் குறைக்கப்பட்டது. ஜ்வாலா இதை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். பிறகு, பங்கா பீட்ஸ் கடைசி நேரத்தில் ஒரு வெளிநாட்டு வீரரை மாற்றியதை ஆட்சேபித்து அவருடைய டெல்லி அணி ஆடத் தயங்கியது; ஆட்டம் தாமதமானது. அதற்காக ஜ்வாலாவுக்கு ஆயுள் தடை விதிக்கச் சங்கத்தின் குழு ஒன்று பரிந்துரைத்தது. டெல்லி உயர்நீதிமன்றம் தலையிட்டதால்தான் அவர் தொடர்ந்து ஆட முடிந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அடுத்த ஐந்து தொடர்களில் ஒன்றில்கூட மகளிர் இரட்டையர் சேர்க்கப்படவில்லை. பின்னாளில் இதே பிரிவில் இந்தியாவின் டிரீசா ஜாலியும் காயத்ரி கோபிசந்தும் 2022, 2023 என அடுத்தடுத்து ஆல் இங்கிலாந்து அரையிறுதி வரை போனார்கள். 2020உடன் நின்றுபோன இந்த லீக் அந்தப் பிரிவுக்கு ஒருநாளும் களம் கொடுக்கவில்லை.

2016இல் வந்த புதுமை துருப்பு ஆட்டம். ஒவ்வோர் அணியும் ஐந்தில் ஒன்றைத் தன் துருப்பாக முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அதில் வென்றால் 2 புள்ளி. தோற்றால் கையிலிருப்பதில் ஒன்று போய்விடும். எதிரணியின் நட்சத்திரம் எந்த ஆட்டத்தில் இறங்குவார், நம் பலம் ஒற்றையரிலா இரட்டையரிலா என்று பயிற்சியாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். தனியாள் விளையாட்டாகவே பார்க்கப்பட்ட பாட்மிண்டனுக்கு அணி விளையாட்டின் கணக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. 2016 முதல் 2019 வரை நான்கு இறுதிகளும் 4-3 என்றே முடிந்தன. இரு அணிகளும் தத்தம் துருப்பை வென்று, ஒரே ஓர் ஆட்டத்தின் வித்தியாசத்தில் கோப்பை கைமாறினால்தான் அந்தக் கணக்கு வரும். அந்த நான்கில் மூன்றில் தோற்றது மும்பை ராக்கெட்ஸ்: 2016இல் டெல்லி ஏசர்ஸிடம், 2017இல் சென்னை ஸ்மாஷர்ஸிடம், 2019இல் பெங்களூரு ராப்டர்ஸிடம். இத்தனை நெருங்கி வந்தும் மும்பை ஒருமுறைகூடக் கோப்பையைத் தொடவில்லை.

சென்னை 2016இல்தான் லீக்குக்குள் வந்தது. சிந்துவின் தலைமையில் ஆடிய அணி 2017 ஜனவரியில் டெல்லி சிரி ஃபோர்ட் அரங்கில் பட்டம் வென்றது. இங்கிலாந்தின் கிறிஸ், கேபி ஆட்காக் தம்பதியும் தாய்லாந்தின் தனோங்சாக்கும் அந்த அணியில் இருந்தார்கள். அதே தொடரின் முதல் நாளில், ரியோ ஒலிம்பிக் இறுதியில் சிந்துவை வென்ற ஸ்பெயினின் கரோலினா மரின், ஹைதராபாத் ஹண்டர்ஸுக்காக ஆடி மீண்டும் அவரை வென்றிருந்தார். அந்த ஆண்டு ஆட்டங்கள் 11 புள்ளிக்கு நடந்தன. அடுத்த தொடரிலிருந்து 15 ஆயின.

2017 டிசம்பரில் அகமதாபாத் ஸ்மாஷ் மாஸ்டர்ஸும் நார்த் ஈஸ்டர்ன் வாரியர்ஸும் சேர அணிகள் எட்டாயின. அசாம் அரசியல்வாதி ஹிமந்த பிஸ்வ சர்மா அந்த ஆண்டுதான் சங்கத் தலைவரானார். தொடரும் குவாஹாட்டியில் தொடங்கியது. கோப்பை ஹைதராபாத் ஹண்டர்ஸுக்குப் போனது. அடுத்த தொடரில் நடிகை டாப்சி பன்னுவின் புனே 7 ஏசஸ் வந்து அணிகள் ஒன்பதாயின. முன்னணி வீரர்களின் விலை 80 லட்சம் ரூபாயில் நின்றது. அதுவே உச்சம். 2020இல் டெல்லியும் அகமதாபாத்தும் இல்லை, அணிகள் ஏழு. விலை உச்சவரம்பு 77 லட்சம். சாய்னாவும் இந்தியாவின் முன்னணி ஆடவர் ஒற்றையர் வீரர் கிடாம்பி ஸ்ரீகாந்தும் விலகிக்கொண்டார்கள். பிப்ரவரி 9 அன்று ஹைதராபாத்தில், தைவானின் தாய் சூ யிங்கும் இந்தியாவின் சாய் பிரணீத்தும் இருந்த பெங்களூரு, நார்த் ஈஸ்டர்ன் அணியை 4-2 என வென்று கோப்பையைத் தக்கவைத்தது. வேறெந்த அணியும் அதைச் செய்ததில்லை.

அணிகளின் பெயர்களைக் கவனித்தாலே லீக்கின் பலவீனம் தெரியும். பெங்களூர் அணி பங்கா பீட்ஸ், டாப்கன்ஸ், பிளாஸ்டர்ஸ், ராப்டர்ஸ் என நான்கு பெயர் கண்டது, டெல்லிக்கு மூன்று. சென்னை ஸ்மாஷர்ஸ் 2020இல் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் ஆனது. 2013 முதல் பெயர் மாறாமல் நின்றது அவத் வாரியர்ஸ் மட்டுமே. உரிமையாளர் மாறினால் பெயரும் மாறியது, ஏலம் வந்தால் வீரர்களும் மாறினார்கள். ஆண்டுக்கு மூன்று வாரம் உயிர்த்திருந்த இந்த அணிகளுக்குச் சொந்த அரங்கமோ சிறுவர் பயிற்சிப் பிரிவோ வளரவில்லை. பெங்களூருக்கு ஆடிய விக்டர் ஆக்சல்சென் டென்மார்க்கின் ஓடன்சே நகரக் கிளப்பில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர். ஜெர்மனியின் பாட்மிண்டன் புண்டெஸ்லிகா 1971 முதல் இத்தகைய கிளப்புகளின் மேல்தான் நிற்கிறது. இந்தியாவில் அந்த வேலையை அகாடமிகளே செய்தன, லீக் செய்யவில்லை.

ஆனால் வீரர்களுக்கு அது செய்ததைக் குறைத்துச் சொல்ல முடியாது. தரவரிசையில் எங்கோ இருந்த இளைஞர்கள் லீ சோங் வெய்யோடும் தென்கொரியாவின் லீ யோங் டேயோடும் ஒரே பயிற்சிக் களத்தில் நின்றார்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டம் கற்றார்கள். சிலருக்கு ஒரு தொடரின் ஊதியமே அந்த ஆண்டின் வெளிநாட்டுப் பயணச் செலவைத் தாங்கியது.

2021 தொடர் கொரோனா பெருந்தொற்றால் தள்ளிவைக்கப்பட்டது; அதன்பின் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் லீக் திரும்பவில்லை. 2022இல் இந்திய ஆடவர் அணி பாங்காக்கில் இந்தோனேசியாவை 3-0 என வீழ்த்தி முதன்முறையாகத் தாமஸ் கோப்பையை வென்றது. அந்த உற்சாகத்தைப் பயன்படுத்திக்கொள்ள உள்நாட்டில் ஒரு லீக் இல்லாமல் போனது பெரிய இழப்பு. மறுபடி தொடங்கினால் சங்கம் முதலில் மகளிர் இரட்டையரைச் சேர்க்க வேண்டும்.