உப்புக் காற்றும் புகைக்குழாயும்

மோட்டார் வாகனத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் இயந்திரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இயந்திரம் கக்கும் புகையைச் சுமந்து பின்புறத்தே விடுகின்ற குழாய்க்கு அவ்வரலாற்றிற் கிடைத்த இடம் சிறிது. ஆயினும், மனித உயிரோடு அதற்குள்ள தொடர்பு சிறிதன்று. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கிழக்கிலங்கைக் கடற்கரை ஊர்களில் ஓடும் பழைய பிக்கப் வண்டிகள் இதற்குச் சான்றாகும்.

1897 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் என்னும் சகோதரர்கள் ஒலியடக்கும் கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். சைலன்சர் என இன்று வழங்கும் உறுப்பின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. ஓசையை அடக்குவது என்ற பொருளிலேயே அதன் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1857 இல், பிரெஞ்சு உடலியலறிஞர் குளோட் பெர்னார்ட் வேறோர் உண்மையை விளக்கியிருந்தார். காபனோரொட்சைட்டு என்னும் வாயு குருதியின் செந்நிறப் பொருளைப் பற்றிக்கொண்டு, ஒட்சிசனுக்கு அங்கே இடமில்லாமற் செய்துவிடுகிறது என்பதே அது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு பெற்றோல் வண்டியின் புகையில் மிகுதியாகவும், டீசல் வண்டியின் புகையிற் குறைவாகவும் உண்டு. எனவே, புகைக்குழாயின் தலையாய கடமை ஓசையடக்குதலன்று. மனிதர் அமருமிடத்தினின்றும் நஞ்சை அகற்றுதலே.

கல்லடியில் 1924 இல் அமைந்த லேடி மனிங் பாலம், மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் வழியை எளிதாக்கிற்று. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியபின், உள்நாட்டு வயல்களும் பெருகின. நெல்லையும் மீனையும் மருதமுனையின் கைத்தறித் துணியையும் சந்தைக்குக் கொண்டுசெல்லச் சிறு பாரவண்டிகள் தேவையாயின. ஆயின், 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானிய வண்டிகள் பெருகின. பின்னர் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதியது வாங்க இயலாத காலங்களிற் பழையதைப் பேணும் கைத்திறனே வாகனங்களை ஓடவைத்தது.

கடற்கரையிற் புகைக்குழாய்க்குப் பகை இரண்டு. வெளியே உப்புக் காற்று இரும்பை அரிக்கிறது. உள்ளே, எரிபொருள் எரிகையிற் பிறக்கும் நீராவி குளிர்ந்து நீராகித் தங்குகிறது. குறுந்தூரம் ஓடி நிற்கும் வண்டியிற் குழாய் நன்கு சூடேறாமையால் அந்நீர் உலர்வதில்லை. ஆகவேதான், இயந்திரத்துக்குத் தொலைவிலுள்ள சைலன்சர் உள்ளிருந்தே உளுத்துப் போகிறது. இயந்திரத்தை ஒட்டிய மூட்டிலோ, வெப்பத்தாற் காஸ்கட் கருகுவதும் ஆணிகள் தளர்வதும் குற்றங்களாகும்.

கசிவைக் காணுதற்குத் தேர்ந்த தொழிலாளர் கையாளும் முறை எளியது. வண்டி குளிர்ந்திருக்கையில் அதனைத் திறந்த வெளியில் நிறுத்தி, உருளாதபடி சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இயந்திரத்தை இயக்குவர். வால்முனையைத் தடித்த துணியாற் கணநேரம் அடைத்தால், ஓட்டையுள்ள இடம் சீறும். மூட்டருகே படிந்த கரியும் அதனைக் காட்டிக் கொடுக்கும். பின்னர், உளுத்த பகுதியை நல்லிரும்பு தோன்றும் வரை வெட்டியெறிந்து, அளவான குழாய்த் துண்டைப் பொருத்திச் சுற்றிலும் வெல்டிங் செய்வர். ஒட்சிசனும் அசற்றிலீனும் கலந்த சுடரால் இரும்பை உருக்கி இணைக்கும் வித்தை பிரான்சில் 1903 அளவில் உருவாயிற்று. அது சிற்றூர்ப் பட்டறைகளுக்கும் பரவியமையாலேயே இப்பணி கைகூடிற்று. இறுதியிற் புதிய காஸ்கட் இட்டு, குழாயைத் தாங்கும் றப்பர்களையும் மாற்றுதல் வேண்டும். தாங்கல் தளர்ந்தால் அதிர்வினால் ஒட்டு மீண்டும் பிளக்கும்.

முற்காலத்திற் கைக்கொண்டவை அனைத்தும் பின்பற்றத் தக்கனவல்ல. மூட்டுகளிற் சுற்றிய கன்னார்க் கயிற்றின் தூசு நுரையீரலுக்குக் கொடிய கேடு. நாகமுலாம் பூசிய தகரத்தை அப்படியே வெல்டிங் செய்கையில் எழும் புகை, வேலை செய்பவருக்குக் காய்ச்சலைத் தரும். தகரப் பேணியை வெட்டிக் கம்பியாற் கட்டிய ஒட்டு ஓசையைச் சற்றுக் குறைக்கும், நஞ்சைத் தடுக்காது. உண்மையில், ஓசையுள்ள கசிவைவிட ஓசையடங்கிய கசிவே கொடியது. எச்சரிக்கை நின்றுவிட, ஆபத்து மட்டும் எஞ்சுகிறது.

மழைக்காலத்திற் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓடும் பழைய வண்டியில், தரைத் தகடும் துருப்பிடித்திருந்தால் கசியும் வாயு உள்ளே புகும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவற்றைப் பயணக் களைப்பென்று எண்ணிவிடுதல் எளிது. மேல் மாகாணத்தில் 2008 இல் தொடங்கிப் பின்னர் விரிந்த புகைப் பரிசோதனை, வால்முனையில் வெளிவரும் புகையையே அளக்கிறது. இருக்கையின் கீழே கசிவதை உரியவரே தேடியறிதல் வேண்டும்.

வண்டியில் ஏறுவோரின் உயிர் சாரதியிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பழைய வண்டியை வைத்திருத்தல் குறையன்று. வறுமைக் காலத்தில் அதனைப் பேணிய கைகள் போற்றத்தக்கன. ஆயின், அக்கைகளின் பெருமை வண்டி ஓடியதில் மட்டும் இல்லை. அதில் ஏறியவர் நலமே இறங்கியதில் இருக்கிறது.