ஊரறிந்த மர்மம்



நினைவுப் பேருரைக்கு ஒரு துப்பறியும் நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோமே என்று சிலர் யோசிக்கலாம். பேருந்து நிலையக் கடையில் மாத நாவல் வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்து, இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கிய தலைமுறைதான் நாமும். அந்தக் கதைகளில் மர்மம் என்றால் யாருக்கும் தெரியாத ஒன்று. கடைசி அத்தியாயத்தில் ஒரு புத்திசாலி அதை அவிழ்ப்பார். நாம் இன்று பேசவிருக்கும் ஊரில் அப்படி இல்லை. அங்கே ஒருவர் காணாமல் போனார். என்ன நடந்திருக்கும் என்று பாதி ஊருக்குத் தெரியும். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் காகிதத்தில் அது மர்மமாகவே இருக்கிறது.

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆற்றின் ஒரு கரையில் நாட்செஸ் நகரம். எதிர்க்கரை லூசியானா மாநிலம். அங்கே கன்கார்டியா மாவட்டம். அதில் விடேலியா, ஃபெரிடே என்று இரண்டு சிற்றூர்கள், இடையே பத்து மைல் நெடுஞ்சாலை. பருத்தி விளைந்த மண். அடிமைமுறை ஒழிந்து நூறு ஆண்டுகள் ஆகியும் ஊர் ஊராகவும் சேரி சேரியாகவும்தான் இருந்தது. இந்தச் சொற்களை அங்கே பொருத்துவது சரியா என்று ஆய்வாளர்கள் கேட்கலாம். ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அவர்கள் பேசுவதைப் படிக்கும்போது நமக்கு வேறு சொல் தேவைப்படவில்லை.

ஜோசப் எட்வர்ட்ஸ் 25 வயது கறுப்பின இளைஞர். விடேலியாவில் ஷாம்ராக் என்ற மோட்டலில் எடுபிடி வேலை. அந்த மோட்டலின் காபிக் கடை கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் கூடும் இடம். கிளானுக்கே வேகம் போதவில்லை என்று பிரிந்து போன ஒரு கும்பல் அங்கே உருவானது. தாங்கள் பிறந்த ஆண்டில் அச்சடித்த வெள்ளி டாலரை அடையாளமாகப் பையில் வைத்துக்கொண்டார்கள். அதனால் ‘வெள்ளி டாலர் குழு’ என்று பெயர். துணை ஷெரீஃப்கள் சிலருக்கும் இந்தக் கூட்டத்தோடு நெருக்கம் இருந்தது. அவர்கள் காபி குடித்த இடத்தில்தான் எட்வர்ட்ஸ் வேலை பார்த்தார். அங்கே பணிபுரிந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு அவர் பெயரைச் சேர்த்து ஒரு பேச்சு கிளம்பியது. அந்தக் காலத் தெற்கில் ஒரு கறுப்பு இளைஞனைக் கொல்ல அந்தப் பேச்சே போதும். நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1964 ஜூலை 12. அன்று முதல் அவரைக் காணவில்லை. அவருடைய 1958ஆம் ஆண்டு பியூக் கார் விடேலியா–ஃபெரிடே சாலையில், ஒரு பௌலிங் விளையாட்டுக் கூடத்தின் அருகே அநாதையாக நின்றது. போலீஸ் விளக்கு போன்ற ஒன்றைப் பொருத்திய இன்னொரு கார் அவர் காரை மறித்ததைப் பார்த்ததாகச் சாட்சி உண்டு. உடல் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

அதே நாளில்தான், அதே ஆற்றின் ஒரு கிளையில், வேறொரு இளைஞனின் உடல் கிடைத்தது. அந்தக் கோடையில் அமெரிக்கா முழுவதும் மூன்று பேரைத் தேடிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய குடியுரிமைப் போராளிகள் மூவரும் ஜூன் 21 அன்று மிசிசிப்பியின் ஃபிலடெல்ஃபியா என்ற சிற்றூரில் காணாமல் போயிருந்தார்கள். முதலாமவர் கறுப்பர், மற்ற இருவரும் வெள்ளையர். எஃப்.பி.ஐ. இறங்கியது, கடற்படை வீரர்கள் சதுப்பு நிலங்களைத் துழாவினார்கள். சேனி மட்டும் தனியாகக் காணாமல் போயிருந்தால் இவ்வளவு கூட்டம் வந்திருக்காது என்று ஷ்வெர்னரின் மனைவியே அப்போது வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை 12, 13 தேதிகளில் ஆற்றில் சிதைந்த உடல்கள் கிடைத்ததும் செய்தியாளர்கள் ஓடினார்கள். அவை தேடப்பட்டவர்களுடையவை அல்ல. சார்லஸ் மூர், ஹென்றி டீ என்ற இரண்டு கறுப்பு இளைஞர்களுடையவை. வயது 19. செய்தியாளர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். தேடப்பட்ட மூவரும் ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்குள் புதைக்கப்பட்டுக் கிடந்தார்கள்.

டீ, மூர் வழக்கில் கொஞ்சம் நின்று பார்ப்போம். மே 2 அன்று மெட்வில் என்ற ஊரில் இருவரும் சாலையோரம் வண்டிக்காகக் கைகாட்டி நின்றார்கள். கிளான் ஆட்கள் ஏற்றிக்கொண்டார்கள். மூர் கல்லூரி மாணவர். ஒரு மாணவர் போராட்டத்துக்குப் பிறகு வெளியேற்றப்பட்டவர். டீ சிகாகோவுக்குப் போய் வந்தவர். வடக்கே போய் வந்தவன், தலையில் துணி கட்டியிருக்கிறான், ஆயுதம் கடத்துகிறான் என்று அவர்களுக்குச் சந்தேகம். ஹோமோசிட்டோ என்ற தேசியக் காட்டுக்குள் கொண்டுபோய் மரத்தில் கட்டி அடித்தார்கள். பிறகு ஜீப் எஞ்சினையும் தண்டவாளத் துண்டுகளையும் பிணைத்து, உயிரோடு ஆற்றில் இறக்கினார்கள். பிள்ளைகளைத் தேடிப் போன மூரின் தாயிடம், அவர்கள் லூசியானாவில் உறவினர் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஷெரீஃப் சொன்னார்.

நவம்பரில் ஜேம்ஸ் ஃபோர்ட் சீல் உட்பட இருவரை எஃப்.பி.ஐ. பிடித்தது. நீதான் செய்தாய் என்று விசாரணை அதிகாரிகள் கேட்டதற்கு, ஆமாம், ஆனால் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, நிரூபிக்க வேண்டியது உங்கள் வேலை என்ற பொருளில் சீல் பதில் சொன்னதாகக் கோப்பில் குறிப்பு இருக்கிறது. 1965 ஜனவரியில் உள்ளூர் அரசு வழக்கறிஞர் வழக்கைக் கைவிட்டார். எழுதிவைத்த ஆதாரம், கூட்டாளியின் வாக்குமூலம், ஆற்றில் எடுத்த எஞ்சின் எல்லாம் இருந்தும் வழக்கு நாற்பது ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது.

அதைத் திறந்தது துப்பறிவாளர் அல்ல. மூரின் அண்ணன் தாமஸ் மூர், முப்பது ஆண்டுகள் அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கனடிய ஆவணப்பட இயக்குநர் டேவிட் ரிட்ஜனோடு 2005இல் சொந்த ஊருக்குப் போனார். சீல் செத்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதியிருந்தன. குடும்பத்தாரும் அப்படியே சொல்லியிருந்தார்கள். ஊர்க்காரர் ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தபோது, செத்தானா, இல்லையே, அதோ அங்கேதானே இருக்கிறான் என்று அவர் கைகாட்டினார். ஊருக்குத் தெரிந்திருந்தது. கேட்க ஒரு ஆள் வரவேண்டியிருந்தது. அடி விழுந்த இடம் மத்திய அரசின் காடு என்பதால் மத்திய அரசே வழக்கு நடத்த வழி இருந்தது. 2007 ஜூனில் ஆள்கடத்தல் குற்றத்துக்குச் சீல் தண்டிக்கப்பட்டார்; மூன்று ஆயுள் தண்டனை. அப்ரூவராக மாறிய கூட்டாளி நீதிமன்றத்திலேயே குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2008இல் மேல்முறையீட்டு அமர்வு ஒன்று காலாவதியைக் காரணம் காட்டித் தீர்ப்பை ரத்து செய்து, அது மறுபடி நிலைநிறுத்தப்பட்டது தனிக் கதை. 2011இல் சீல் சிறையில் செத்தார்.

ஃபெரிடேயில் இப்படி எதுவும் நடக்கவில்லை. எட்வர்ட்ஸ் காணாமல் போன அதே ஆண்டு டிசம்பர் 10 அதிகாலை, ஃபிராங்க் மாரிஸ் என்பவரின் செருப்புக் கடைக்குத் தீ வைத்தார்கள். 51 வயது. கறுப்பர், வெள்ளையர் இரு தரப்பும் அவரிடம் செருப்பு தைக்கக் கொடுத்தார்கள். உள்ளே படுத்திருந்தவர் எரிந்தபடியே வெளியே வந்தார். நான்கு நாள் உயிரோடு இருந்தார். தீ வைத்தவர்களைத் தெரியவில்லை என்றே எஃப்.பி.ஐ.யிடம் சொன்னார். அவருக்குத் தெரியும், வாய் திறந்தால் மிச்சமிருக்கும் சொந்தங்களின் கதி என்ன என்றும் அவருக்குத் தெரியும் என்று நினைப்பவர்கள் அங்கே உண்டு. நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். தொழில் செருப்பு தைப்பது. ஆனால் கடை சொந்தக் கடை. 1967இல் நாட்செஸில் வார்லஸ்ட் ஜாக்சன் என்ற டயர் தொழிற்சாலைத் தொழிலாளி, அதுவரை வெள்ளையர் பார்த்துவந்த ஒரு வேலைக்கு உயர்த்தப்பட்டார். மணிக்கு 17 சென்ட் கூடுதல் கூலி. அவருடைய வண்டியில் குண்டு வைத்தார்கள். கொல்லப்பட்டவர்களின் பட்டியலில் பலர் இப்படித் தலை நிமிர்த்தியவர்கள்தான்.

2007 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை பழைய இனக்கொலைகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஃபெரிடேயில் வெளியாகும் ‘கன்கார்டியா சென்டினல்’ என்ற வாரப் பத்திரிகையின் ஆசிரியர் ஸ்டான்லி நெல்சன் அதில் மாரிஸ் பெயரைப் பார்த்தார். வெள்ளைக்காரர், அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர், அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பெயர்! அன்றிலிருந்து உள்ளாட்சிக் கூட்டங்களுக்கும் பள்ளி விளையாட்டுச் செய்திகளுக்கும் நடுவில் ஏறத்தாழ 200 கட்டுரைகள் எழுதினார். 2011இல் புலிட்சர் விருதின் இறுதிச் சுற்றுவரை போனார். எட்வர்ட்ஸின் கதையையும் திரும்பத் திரும்ப எழுதினார். நீதித்துறையோ, சந்தேகத்துக்குரியவர்கள் செத்துவிட்டார்கள் என்று எட்வர்ட்ஸ் கோப்பை மூடியது. எம்மெட் டில் பெயரால் 2008இல் வந்த சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் திறக்கப்பட்டன. நீதிமன்றம்வரை போனவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி நாவலுக்கு வருவோம். நாட்செஸில் வளர்ந்த கிரெக் ஐல்ஸ் 2014இல் ‘நாட்செஸ் பர்னிங்’ எழுதினார். பின்னர் இன்னும் இரண்டு பாகங்கள். வெள்ளி டாலர் குழு அதில் ‘இரட்டைக் கழுகுகள்’ ஆகிறது. மாரிஸின் செருப்புக் கடை இசைக்கருவிக் கடை ஆகிறது. நெல்சனை மாதிரியாக வைத்து ஹென்றி செக்ஸ்டன் என்ற பத்திரிகையாளர் வருகிறார். காணாமல் போன கறுப்பு இளைஞர்கள், சதுப்பில் எலும்புகளை விழுங்கி நிற்கும் ஒரு மரம் எல்லாம் இருக்கின்றன. கீழே வைக்க முடியாது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏறத்தாழ எண்ணூறு பக்கத்தை ஒரே வாரத்தில் முடித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் கதை யாருடையது? நாயகன் பென் கேஜ், நகரத்தின் வெள்ளைக்கார மேயர். அவனை வாட்டும் கேள்வி, ஊரே மதிக்கும் மருத்துவரான தன் அப்பா தவறு செய்தாரா என்பது. வயோலா டர்னர் என்ற கறுப்பினச் செவிலி செத்துப்போவதில்தான் கதை தொடங்குகிறது. அவளுடைய தம்பி காணாமல் போனது அந்தக் கேள்விக்குத் தடயமாகப் பயன்படுகிறது. அப்பா நல்லவரா என்ற கவலையோடு வாசகரும் பக்கம் புரட்டுகிறார். கறுப்பர்களின் சாவு வெள்ளைக் குடும்பத்தின் மனச்சாட்சிப் பிரச்சினையாக மாறிவிடுகிறது. தன் இனத்தின் கொடுமையை மறைக்காமல் எழுதிய நேர்மையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. தமிழில் ஆதிக்கச் சாதி எழுத்தாளர்கள் எத்தனை பேர் தங்கள் சொந்த ஊர்க் கொலையை எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் ஐல்ஸ் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது. என்றாலும் துப்பறியும் நாவல் என்ற வடிவமே அவரை ஒரு பக்கம் இழுக்கிறது. அந்த வடிவத்துக்கு ரகசியம் வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததை ரகசியமாகக் காட்ட, தெரிந்தவர்களைக் கதையின் ஓரத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

இதே வடிவத்தை ஆட்டிகா லாக் வேறுவிதமாகப் பிடிக்கிறார். 1971இல் சிறைக் கைதிகள் கிளர்ந்தெழுந்த ஆட்டிகாவின் பெயரைப் பெற்றோர் அவருக்கு வைத்தார்கள். ‘புளூபேர்ட், புளூபேர்ட்’ 2017இல் வந்தது. டெக்சாஸின் ஒரு குக்கிராமம், நீரோடையில் இரண்டு உடல்கள், விசாரிப்பவர் ஒரு கறுப்பின அதிகாரி. அவருக்கு விடை கிடைப்பது ஆய்வகத்தில் அல்ல, ஜெனிவா என்ற மூதாட்டியின் சாப்பாட்டுக் கடையில். அங்கே எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கல் நம்முடையது. 1972இல் பம்பாய் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குத் தலித் பாந்தர் என்று பெயரிட்டபோது கடன் வாங்கியது பெயரை மட்டுமல்ல. உண்மை அறியும் குழுவாக நாம் ஊர்களுக்குப் போகும்போது காவல் நிலையத்தில் ‘மேன் மிஸ்ஸிங்’ என்று ஒரு வரி இருக்கும். சேரியில் கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். பேருந்து ஏறப் போகும்போது ஒரு பெண் பின்னாலேயே வந்து, தம்பி, ஒண்ணு சொல்லணும் என்பார். அதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு வண்டி ஏறியிருக்கிறோம். அறிக்கையில் அந்த ஒரு வரி வந்திருக்காது. கோரிக்கைகள் பத்து வந்திருக்கும். ஒருமுறை ஐந்து ஆண்டுகள் கழித்து அப்படி ஒரு அம்மாவைத் தேடிப் போனோம். இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் சொன்னதை எழுதிய நோட்டு எங்களில் யாரிடம் இருக்கிறது என்று இன்னும் தேடுகிறோம்.

லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்தில் இதழியல் மாணவர்கள் நெல்சனோடு சேர்ந்து, தகவல் உரிமைச் சட்டத்தின்படி எஃப்.பி.ஐ. கோப்புகளைக் கேட்டு வாங்கினார்கள். பெயர்கள் கறுப்பு மையால் அழிக்கப்பட்ட பக்கங்கள். அழித்த இடத்தில் யார் பெயர் இருந்திருக்கும் என்று முதியவர்களிடம் போய்க் கேட்டு எழுதினார்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் மாணவர்களிடம் நாங்கள் கேட்பதும் அதுபோல ஒரு வேலைதான். கடந்த முப்பது ஆண்டு அறிக்கைகள், துண்டறிக்கைகள், நோட்டுகள் ஆறு பெட்டிகளில் கிடக்கின்றன. இரண்டு பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றைத் திறக்கிறோம்.